கிரேடர் ராஜையனின் மறுப்பு

சங்கத்தின் மாதக் கூட்டத்துக்கு அறிவிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். பேச வேண்டியவற்றில் நான்காவது பொருள் ராஜையன் கொடுத்தது: பின் பிளேடின் அடிக்கத்தி தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும். அதை எழுதி முடிக்கும்போது போன் அடித்தது. அவருடைய மனைவி ஸ்டெல்லா. "அண்ணாச்சி, அவிய போயிட்டாவ," என்றார். "காலம்பற காப்பி குடிச்சிட்டு இருந்தாவ. தம்ளரைக் கீழ வச்சிட்டு அப்படியே சாஞ்சிட்டாவ." போனை வைத்தபிறகு அந்த நான்காவது பொருளை அடித்துவிடலாமா என்று யோசித்தேன். அடிக்கவில்லை. கத்தி தேய்ந்தது தேய்ந்ததுதானே.

உறுப்பினர்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஊரில் ஒரே குளத்துத் தண்ணீரில் விளையும் வயல்களைப் பத்து என்போம். எங்கள் பத்தின் உழவர் சங்கத்துக்கு நான் செயலாளர். தாலுகா அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். ராஜையன் சங்கத்து டிராக்டரை ஓட்டியவர். அவர் பிறந்தது மேற்கே கல்குளம் பக்கம். வளைகுடாவில் பத்தொன்பது வருடம், ரோட்டுக்கு மண்ணைச் சீவிச் சரிபண்ணும் கிரேடர் வண்டி ஓட்டிவிட்டு, திரும்பி வந்து மனைவியின் ஊரான எங்கள் ஊரில் வீடு கட்டினார். ஸ்டெல்லாவுக்கு அப்பா கொடுத்த வயல் பத்தின் கடைக்கோடியில் இருந்தது. எனக்கும் அவருக்கும் ஒரே வயது. அவர் என்னைச் 'சாரே' என்பார், நான் அவரை 'ஓய்' என்பேன்.

அவருடைய பேச்சு மெதுவானது. ஒரு கேள்வி கேட்டால் முதலில் தொண்டையைச் செருமுவார். பிறகு எதிரிலிருப்பவரை ஒரு பார்வை. பிறகுதான் வார்த்தை வரும். வருவதும் பெரும்பாலும், "எனக்கொரு காரியம் சொல்ல உண்டு," என்று ஆரம்பிக்கும். அந்தக் காரியம் வெளியே வருவதற்குள் அவசரக்காரன் வீடு போய்ச் சேர்ந்துவிடலாம். நான் அவசரக்காரன்.

டிராக்டர் வந்த வருடம் அதற்கு ஒரு கருவி வாங்க முடிவு செய்தோம். குளத்தடியிலிருந்து கால்வாய் ஓரமாகக் கடைக்கோடி வயல்வரை போகும் மண்பாதை குண்டும் குழியுமாகக் கிடந்தது. உரமும் நாற்றும் அறுப்பு மெஷினும் அந்த ஒரே பாதையில்தான் போகவேண்டும். கருவியைப் பார்த்துவர என்னையும் ராஜையனையும் அனுப்பினார்கள். வடசேரியில் பஸ் இறங்கி, ஆட்டோ பிடித்து ஊருக்கு வெளியே ஒரு கடைக்குப் போனோம். இரண்டு சாமான்கள் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. ஒன்று பின் பிளேடு: டிராக்டரின் பின்னால் மாட்டும் நீளமான ஒற்றைத் தகடு. அதைக் கோணலாகத் திருப்பி வைக்கலாம், மண் ஓரத்துக்கு ஒதுங்கும். மற்றது பெட்டி பிளேடு: அதே தகடுதான், ஆனால் இரு பக்கமும் அடைப்பு, முன்னால் தரையைக் கீறப் பற்கள். அது மண்ணை வாரித் தன்னுள்ளே வைத்துக்கொண்டு மேட்டிலிருந்து பள்ளத்துக்குக் கொண்டுபோய்ப் போடும். தரையை மட்டம் பண்ண அதை அடிக்க ஆளில்லை. பார்த்த மாத்திரத்தில் எனக்குப் பெட்டி பிடித்துவிட்டது.

ராஜையன் பின் பிளேடைச் சுற்றிச் சுற்றி வந்தார். தொண்டையைச் செருமினார். கடைக்காரர் மதுரைப் பக்கத்து மனிதர், பொறுமையாக நின்றார். "வெள்ளம் ஒரு பக்கமா ஒதுங்கிப் போறது போல இந்தப் பெட்டியைச் சரிச்சு வைக்க ஒக்குமா?" என்று கேட்டார் ராஜையன். ஒக்குமா என்றால் முடியுமா. எங்கள் மேற்குப் பக்கத்தில் தண்ணீருக்கு வெள்ளம் என்றுதான் பெயர், குடிக்கிற தண்ணீர் உட்பட. கடைக்காரர் முகம் மாறிவிட்டது. "வெள்ளத்துக்கெல்லாம் இது தாங்காதுங்க. வெள்ளம் வந்தா மொதல்ல டிராக்டரைக் கொண்டுபோய் மேட்டுல ஏத்திருங்க," என்றார். நான் சிரித்த சிரிப்பில் உள்ளேயிருந்து இன்னொருவர் எட்டிப் பார்த்தார். கடைக்காரருக்கு விளக்கிச் சொன்னேன், அவரும் சிரித்தார், பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. திரும்பும் வழியில் டீக்கடையில் ரசவடையைப் பிட்டுக்கொண்டே ராஜையன் சொன்னார்: "சிரிச்சது போகட்டு சாரே. நான் கேட்டதுக்குப் பதில் வரல்ல." நான் அப்போதும் சிரித்தேன்.

அந்த வாரமே கூட்டம். பெட்டி பிளேடின் பெருமைகளை நான் எடுத்துச் சொன்னேன். மட்டம் என்ற வார்த்தையை எத்தனை முறை சொன்னேனோ, ஒவ்வொரு முறையும் தலைகள் ஆடின. நாங்கள் தலைமுறை தலைமுறையாக வயலில் மரமடித்து, பலகையை இழுத்து இழுத்துச் சேற்றை மட்டம் பண்ணி வாழ்கிறவர்கள். எங்களுக்கு நல்ல தரை என்றால் தண்ணீர் ஒரே கனத்தில் நிற்கிற தரை. கண்ணும் காலும் அப்படிப் பழகிவிட்டன. ராஜையன் எழுந்தார். "எனக்கொரு காரியம் சொல்ல உண்டு. இது வயலு இல்ல. பாதைக்கு ஒரு முதுகு வேணும். நடு உசந்து, ரெண்டு பக்கமும் தாழ்ந்து. அங்க நாங்க..." அவர் அதற்குமேல் போவதற்குள் நான் புகுந்தேன். "மழையே பெய்யாத ஊர்ல ரோடு போட்டவரு தண்ணி போற வழியைப் பத்தி நமக்குச் சொல்லுதாரு, கேட்டுக்கிடுங்க." எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டு, மறுபடி தொண்டையைச் செருமினார். "அப்போ எழுதிரலாமா?" என்றேன். எழுதியே விட்டேன்: பெட்டி பிளேடு வாங்குவதென ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.

அந்த ஒரு வார்த்தையை எழுதாமல் என் கை எந்தத் தீர்மானத்தையும் முடித்ததில்லை. முப்பது வருட அலுவலகப் பழக்கம். கையெழுத்துப் போட வந்த ராஜையன் புத்தகத்தை வாசித்தார். அந்த வார்த்தையின்மேல் விரலை வைத்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

பெட்டி வந்தது. தனக்கு வேண்டாத கருவியென்று அவர் வேலையில் குறை வைக்கவில்லை. பற்களை இறக்கிக் கீறி, குண்டுகளை நிரப்பி, பாதையை நாலு நாளில் பாய் விரித்ததுபோல் ஆக்கிவிட்டார். நான் பாதித் தண்ணீர் ஊற்றிய ஒரு பாட்டிலைப் பாதைக்குக் குறுக்கே படுக்க வைத்துக் காட்டினேன். உள்ளே தண்ணீர் இந்தப் பக்கமும் சாயவில்லை, அந்தப் பக்கமும் சாயவில்லை. பார்க்க வந்தவர்கள் கையைத் தட்டாத குறை. ராஜையன் வண்டியிலிருந்து இறங்கி வந்து குனிந்து பார்த்தார். "குப்பி மட்டமாத்தான் கிடக்கு சாரே. அதுதான் எனக்குப் பயம்," என்றார்.

கன்னிப்பூ என்று நாங்கள் சொல்லும் முதல் போகத்தின் அறுவடை நேரத்தில், புரட்டாசியில், மழை முந்திக்கொண்டது. பாதையில் தண்ணீர் ஓரமாக ஓடிப் போக வழியில்லை. நாங்கள் பெருமையோடு மட்டம் பண்ணிய தரையில், எங்கள் வயலில் நிற்பதுபோலவே, ஒரே கனத்தில் நின்றது. நாற்று நட்டிருக்கலாம். மூன்றாம் நாள் வந்த அறுப்பு மெஷின் முதல் பாதி வயல்களை முடித்துவிட்டு, நடுப்பாதையில் அச்சுவரை இறங்கிவிட்டது. அதை இழுத்து வெளியே எடுத்த டிரைவர், அதற்குமேல் ஒரு அடிகூட வைக்க மாட்டேன் என்று திரும்பிப் போய்விட்டார். என் வயல் முதல் பாதியில் இருந்தது. மற்றவர்கள் ஆள் பிடித்துக் கையால் அறுத்துக் கொஞ்சத்தைக் காப்பாற்றினார்கள். கடைக்கோடிக்கு ஆள் போய்ச் சேர்வதற்குள் நெல் சாய்ந்து, தண்ணீரில் கிடந்து, கதிரிலேயே முளைத்துவிட்டது. எதிர்த்துப் பேசியவர் ஒருவர். முழுதாகப் போனதும் அந்த ஒருவருடைய நெல்.

நான் அவருடைய வயலுக்குப் போனேன். முழங்காலளவு தண்ணீரில் அவரும் ஸ்டெல்லாவும் முளைத்த கதிரை மாட்டுக்காக அறுத்துக்கொண்டிருந்தார்கள். வரப்பில் நின்று, என் மேல்தான் தப்பு என்று சொல்லவேண்டும் என்றுதான் போனேன். வாயில் வந்தது, "இந்த வருஷம் மழை முந்திட்டு ஓய்," என்பது. ராஜையன் நிமிர்ந்து தொண்டையைச் செருமினார். "நெல்லு போனது போகட்டு. புத்தகத்துல ஏகமனதான்னு எழுதினீங்களே சாரே, என் மனசை எங்க கொண்டு வச்சீங்க?" என்றார்.

மழை விட்டதும் அவரே பாதையைச் சரிசெய்தார். அதே பெட்டியை வைத்துத்தான். டிராக்டரின் வலதுபக்கத் தூக்குக் கம்பியைச் சுருக்கி, பெட்டியை ஒருசாய்த்து, போகும்போது ஒரு பாதி வரும்போது மறுபாதி என்று மண்ணை நடுவுக்குக் கொண்டுவந்தார். பின் பிளேடு என்றால் நாலு ஓட்டத்தில் முடிகிற வேலைக்கு அவர் எத்தனை ஓட்டம் ஓடினார் என்று எண்ணவில்லை. ஓரத்து ஓடைகளை நாங்கள் மண்வெட்டியால் வெட்டினோம். கடையில் அவர் கேட்ட கேள்விக்கு அப்படித்தான் பதில் கிடைத்தது: ஒக்கும், ஆனால் உயிரை வாங்கும். மறு வருடம் பின் பிளேடும் வாங்கினோம். அதற்காகப் பெட்டியை அவர் மூலையில் போட விடவில்லை. "வயல் மட்டம் பண்ண இவன்தான் ராசா. பாதைக்கு மட்டும் இவனைக் கூப்பிடப்பிடாது," என்பார். கோடையில் எங்கள் பத்து முழுவதையும் அதை வைத்துத்தான் மட்டம் பண்ணினார்.

ஆனால் ஏகமனதாக என்ற அந்த வார்த்தையை அவர் விடவில்லை. இதைச் சொல்லாவிட்டால் நான் எழுதுவது பாதிப் பொய். ஒவ்வொரு ஆண்டுக் கூட்டத்திலும், எல்லாம் முடிந்து டீ வரும் நேரத்தில், தொண்டையைச் செருமுவார். "எனக்கொரு காரியம் சொல்ல உண்டு. அந்தப் பழைய தீர்மானத்துல ஒரு திருத்தம்." நானும் ஒவ்வொரு வருடமும், எழுதின தீர்மானத்தில் கைவைக்க விதியில்லை என்று சொல்வேன். அது சரியான விதிதான். பழையதை அழிக்கத்தான் கூடாது. புதிய தீர்மானம் போட்டுத் திருத்தலாம் என்பதும் விதிதான். அதை நான் அவரிடம் சொல்லவில்லை. ஏழு வருடம். உறுப்பினர்களுக்கு அது வருடாந்திர வேடிக்கையாகிவிட்டது. போன வருடம் அவர் எழுந்ததும் யாரோ, "திருத்தம் வந்தாச்சு மக்கா, டீயைக் கொண்டாங்க," என்றார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார். எனக்கு மட்டும் கஷ்டமாக இருந்தது. கஷ்டமாக இருந்தும் அதே விதியைத்தான் சொன்னேன்.

அடக்கத்தன்று நல்ல மழை. கிறிஸ்தவக் கோயில் மணி அடித்தபடி இருந்தது. சபையின் சவ வண்டி அவரை ஏற்றிக்கொண்டு வீட்டிலிருந்து அந்தப் பாதை வழியாகவே கல்லறைத் தோட்டத்துக்குப் போனது. நாங்கள் குடையோடு பின்னால் நடந்தோம். பாதையில் தண்ணீர் நிற்கவில்லை. இரண்டு பக்கமும் ஓடைகளில் சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது. யாருடைய செருப்பிலும் சேறில்லை.

இரங்கல் கூட்டத்துக்கு ஸ்டெல்லாவும் வந்தார். வயல் அவர் பெயரில் இருப்பதால் இனி அவர்தான் உறுப்பினர். முதலில் நான் ஏழு வருடம் தாமதமான தீர்மானத்தை வாசித்தேன்: பெட்டி பிளேடு வாங்கும் தீர்மானத்தை ராஜையன் மறுத்தார், ஏகமனதாக என்று எழுதியது செயலாளரின் பிழை, ராஜையன் சொன்னதே சரி. யாரும் சிரிக்கவில்லை. பிறகு இரங்கல் தீர்மானம். அதை இரண்டு நாள் உட்கார்ந்து நன்றாக எழுதியிருந்தேன். "அமைதியானவர், யாரையும் எதிர்த்துப் பேசாதவர்" என்ற வரியில் எனக்கே கண் கலங்கியது. முடித்துவிட்டு அந்த வார்த்தையை எழுதப் போன கை நின்றது. "யாருக்காவது மறுப்பு உண்டா?" என்று கேட்டேன். கேட்டுவிட்டுக் காத்திருந்தேன். ராஜையன் தொண்டையைச் செருமி, ஒரு பார்வை பார்த்து, ஆரம்பிக்கிற நேரம் எவ்வளவோ அவ்வளவு நேரம்.

"எனக்கு உண்டு அண்ணாச்சி," என்றார் ஸ்டெல்லா. "அவிய அமைதியானவிய ஒண்ணும் இல்ல. வீட்டுல வந்து மிச்சத்தையெல்லாம் எங்கிட்டதான் பேசுவாவ. இங்க நீங்க பேச விடல்ல."

அந்த வரியை அடித்தேன். எல்லார் முன்னாலும், உரக்கச் சொல்லிக்கொண்டே, "எதிர்த்துப் பேசியவர், மெதுவாகப் பேசியவர், பேசி முடிக்கச் செயலாளர் விட்டதில்லை" என்று எழுதினேன். மறுபடி கேட்டேன். மறுபடி அதே நேரம் காத்திருந்தேன். ஸ்டெல்லா தலையசைத்தார். அதன்பிறகே ஏகமனதாக என்று எழுதினேன். பின் பிளேடுக்குப் புதுக் கத்தி வாங்குவதென்ற அவருடைய நான்காவது பொருளும் அதே கூட்டத்தில் நிறைவேறியது.

ராஜையனிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தக் காத்திருப்பு மட்டும்தான். அவர் இருந்தபோது நான் அவருக்குத் தராததும் அதுதான். கூட்டங்கள் முடிய இப்போது நேரமாகிறது. டீ ஆறிப்போகிறது என்று குறை சொல்கிறார்கள்.