பல்வலியில் பிறந்த சாமி

மேட்டூர் அணையில் முதன்முதலாகத் தண்ணீர் தேக்கினார்களே, அதற்கு அடுத்த கோடையில் நடந்தது. வருஷக் கணக்கு எனக்குத் தெரியாது, அணையை வைத்துத்தான் சொல்ல முடியும். போன வாரம் டவுனில், ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் ஒரு பல் டாக்டரிடம் பேத்தி என்னைக் கூட்டிப் போனாள். வாயில் மிச்சமிருக்கிற பற்களுக்கு அவ்வளவு பெரிய நாற்காலி எதற்கு என்று யோசித்துக்கொண்டே உட்கார்ந்தேன். குப்பென்று கிராம்புத் தைல வாசனை. அவ்வளவுதான், நல்லப்பன் வந்து எதிரே நின்றுவிட்டான்.

ராசிபுரத்துக்கு மேற்கே ஒரு பண்ணையத்தில் நானும் அவனும் கவலை ஓட்டினோம். மாட்டைச் சரிவில் முன்னும் பின்னும் நடத்தி, கிணற்றிலிருந்து தோல்பறியில் தண்ணீர் இழுக்கிற வேலை. அந்தப் பழக்கத்தில் இன்றைக்கும் நான் கொஞ்ச தூரம் நடந்தால் பின்வாங்கத் தோன்றும். அந்தக் கோடையில் நல்லப்பனுக்குப் பல்வலி. இடது கன்னம் பணியாரம் மாதிரி வீங்கிவிட்டது. தாடையோடு சேர்த்துத் தலைக்குத் துணி கட்டி, கிராம்பைக் கடித்தபடி, வேப்பமரத்தடியில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தான். பேச்சும் இல்லை, சோறும் இல்லை.

பண்ணையக்காரம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. எங்கள் பக்கம் பிரியமாகக் கூப்பிட்டால் கிழவனும் சாமி, கைக்குழந்தையும் சாமி. அந்தம்மாவுக்குக் கன்றுக்குட்டிகூட சாமிதான். கழுத்து நிறைய நகையோடு, கஞ்சிக் கலயத்தை ஏந்திக்கொண்டு அவன் முன்னால் குனிந்து நின்றார்.

"கண்ணைத் தொற சாமி. ரெண்டு வாய் குடி சாமி. நீ இப்படி இருந்தா எனக்கு எப்படி சோறு எறங்கும்?"

ஆத்தூருக்கும் கிழக்கேயிருந்து வந்த மிளகாய் வண்டிக்காரர்கள் அப்போது மாட்டுக்குத் தண்ணீர் காட்ட நின்றிருந்தார்கள். அவர்கள் ஊரில் சாமி என்றால் சாமிதான். நகை போட்ட பண்ணைக்காரி கோவணம் கட்டியவனிடம் கெஞ்சுவதைப் பார்த்ததும், அவர்களுக்குப் பெரியவரான வையாபுரி செருப்பைக் கழற்றினார். மற்றவர்களும் கழற்றினார்கள். வரிசையாக விழுந்தார்கள். நல்லப்பன் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, வலி தாங்காமல் மூடிக்கொண்டான். அது அருள்பார்வை என்று ஆயிற்று.

அடுத்த சந்தைக்கு வந்தபோது அத்தனை பேரும் தாடைக்குத் துணி கட்டியிருந்தார்கள். வலியே இல்லாமல் கட்டிக்கொண்டவர்களை அன்றுதான் பார்த்தேன். இதற்குள் நாவிதர் ஒருவர் வந்து பல்லைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் போயிருந்தார். நல்லப்பன் கட்டை அவிழ்த்துவிட்டு முதல் வார்த்தை பேசினான்.

"அவங்கவங்க பொழப்பைப் போய்ப் பாருங்கப்பா."

வையாபுரிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதையே மந்திரமாகப் பிடித்து எல்லோரும் சொல்ல ஆரம்பித்தார்கள், பிழைப்பைப் பார்க்காமல் அங்கேயே உட்கார்ந்துகொண்டு.

நல்லப்பனுக்குத் திருச்செங்கோட்டுப் பக்கம் பாவாயி என்ற பெண்ணைப் பேசி முடித்திருந்தது. விஷயம் கேள்விப்பட்டு அவள் அப்பன் வந்தார்.

"ஏனுங்க மாப்பிள்ளை, சாமியாருக்குப் பொண்ணக் குடுத்தா ஊரு சிரிக்காதுங்களா?"

"நான் சாமியார் இல்லீங்க மாமா. வெறும் பல்லுவலிங்க."

"அதை அவுங்ககிட்டச் சொல்லுங்க. கூட்டம் கலைஞ்சாத்தான் கல்யாணம். இல்லாட்டி நான் வேற எடம் பாத்துக்கறேனுங்க."

பாவாயியைச் சந்தையில் தூரத்திலிருந்து பார்த்ததிலிருந்தே நல்லப்பன் மாட்டை அடிப்பதை நிறுத்தியிருந்தான், அவ்வளவு பிரியம். அன்றைக்கே ஒரு ஆட்டை அறுத்து, எல்லோர் கண்ணெதிரிலும் கறி தின்றான், கள் குடித்தான். கூட்டம் கலையவில்லை, இரண்டாக உடைந்தது. "சாமி நம்மளச் சோதிக்குது" என்றது ஒரு கட்சி. "சாமி பல்லுல இருந்துச்சு, பல்லோட போயிடுச்சு. இது வெறும் ஆளு" என்றது வையாபுரி கட்சி. சோதனைக் கட்சி வலது கன்னத்தில் முடிச்சுப் போட்டது, வையாபுரி கட்சி இடது கன்னத்தில். ஒருவர் முடிச்சை ஒருவர் அவிழ்க்கப் போய்க் கைகலப்பாகி ஒருவருக்குப் பல்லே விழுந்தது. அந்தப் பல்லை யாரும் சீந்தவில்லை.

நல்லப்பன் வையாபுரியிடம் போனான்.

"பல்லைத் தந்தா என்னை உட்டுருவீங்களா?"

"பல்லு கெடச்சா நீங்க யாரோ, நாங்க யாரோ."

நாவிதர் எறிந்த பல் கத்தரிப் பாத்திக்குள் விழுந்திருந்தது. நானும் அவனும் சேற்றைக் கிளறிக் கிளறிப் பார்த்தோம், கிடைக்கவில்லை. கடைசியில் கறிக்கு அறுத்த ஆட்டின் தாடையிலிருந்து ஒரு பல்லைப் பெயர்த்து, சாம்பல் போட்டுத் தேய்த்து, வெற்றிலையில் வைத்து நீட்டினான். வையாபுரி மிளகாயோடு ஆடு மாடும் வாங்கி விற்கிறவர். பல்லைப் பார்த்து வயசு சொல்கிறவர். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நம்ம வாயில இவ்ளோ பெருசு அடங்குமா? சாமி பல்லுன்னா இப்படித்தான் இருக்கணும்" என்று சொல்லித் தலைப்பாகைக்குள் செருகிக்கொண்டார். பல் போகிற வண்டிக்குப் பின்னால் மற்றக் கட்சியும் புறப்பட்டது. பொழுது சாய்வதற்குள் கிணற்றடி காலி.

முகூர்த்தத்தன்று மாமனார் மாப்பிள்ளையை வாயைத் திறக்கச் சொல்லி, ஓட்டையைப் பார்த்த பிறகுதான் தாலி எடுக்க விட்டார். "நான் எந்தக் காலத்துலயும் இவரைச் சாமின்னு கூப்பிட மாட்டேன்" என்று பாவாயி சொல்லிவிட்டாள். கூப்பிடவும் இல்லை.

கிழக்கே அந்தப் பல்லுக்குக் கோயில் எழும்பியது. சண்டை தீர்ந்து முடிச்சு உச்சந்தலைக்குப் போனது. பிறகு அதுவும் போய் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. கிணற்றடியில் மந்திரம் சொன்ன கூட்டம் மைக் செட் வைத்தது. பிள்ளைகள் தலையெடுத்த பிறகு நல்லப்பன் குடும்பத்தோடு ஒருமுறை பார்க்கப் போனான். கறி தின்கிறவர்கள் உள்ளே வரக்கூடாது என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். ஊர் வந்து சேரும்வரை பாவாயி சிரித்துக்கொண்டே வந்தாளாம்.

கவலை போயிற்று, மிளகாய் வண்டிகள் போயின, வையாபுரியும் போனார். நல்லப்பனும் பாவாயியும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கோயில் பலகையில் இப்போது வாயில் நுழையாத நீளத்துக்கு ஒரு பெயர் இருக்கிறதாம். உங்களுக்கு அந்தப் பக்கம் போக வாய்த்தால் அங்கே யாரிடமாவது சொல்லுங்கள். உள்ளே இருப்பது யாராக வேண்டுமானாலும் இருக்கட்டும், நல்லப்பன் இல்லை. அவன் கல்யாணம் கட்டிக்கொண்டு போய்விட்டான்.