நெய்க்கரண்டி காட்டிய மணி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் ஆரம்பம், ஐப்பசி மாதம், நல்ல அடைமழை. மயிலாப்பூரில் குளத்துக்கு மேற்கே ஒரு சந்தில் குடியிருந்தோம். நானும் எங்காத்துக்காரரும் ஏழு வயதுப் பெண்ணும்தான். அவருக்குக் கோட்டைப் பக்கம் ஆபீஸ். தினம் லஸ் முனையில் ட்ராம் ஏறிப் போய், அங்கேயே வந்து இறங்குவார்.

எனக்கு இரண்டு கண்ணிலும் சதை வளர்ந்திருந்தது. டாக்டர் அதை எடுத்துவிட்டு, இரண்டு கண்ணையும் சேர்த்துக் கட்டி வீட்டுக்கு அனுப்பினார். ஒரு வாரம் கட்டைத் தொடக் கூடாது, அழக்கூடக் கூடாது என்று உத்தரவு. "நீங்களா அவிழ்த்தேள்னா பார்வைக்கு நான் ஜவாப்தாரி இல்லை" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அழாமல் இருப்பது எனக்குப் பெரிய காரியமில்லை. நான் அழுகிற ரகமில்லை, கத்துகிற ரகம். சும்மா படுத்திருப்பதுதான் பிராணன் போகிற வேலை.

சமையலுக்கு ஒரு மாமி வந்து காலையிலேயே முடித்துக் கொடுத்துவிட்டுப் போய்விடுவாள். அப்புறம் சாயந்திரம் வரை எனக்குக் கண் என்றால் என் பெண்தான். வேளா வேளைக்கு மருந்துப் பொடி சாப்பிட வேண்டும். கூடத்துச் சுவர்க் கடிகாரம் மணி அடிக்கும், நிஜம். ஆனால் அரைமணிக்கும் அது ஒரு அடி அடிக்கும். அயர்ந்து தூங்கி எழுந்தால் எந்த அரைமணி என்று யார் கண்டது? அதனால் ஆபரேஷனுக்கு முன்னாலேயே இவளுக்கு மணி பார்க்கச் சொல்லிக்கொடுத்துவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன்.

கடிகாரமோ எட்டாத உயரத்தில். அதனால் கூடத்துத் தரையில் கோலமாவால் பெரிய வட்டம் போட்டு, ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை எழுதினேன். பெரிய முள்ளுக்குத் தோசைத் திருப்பி, சின்ன முள்ளுக்கு நெய்க்கரண்டி. "சின்ன முள்ளு எந்த நம்பர்ல இருக்கோ அதுதான் மணி. பெரிய முள்ளு நிமிஷம். அதை அஞ்சு அஞ்சா எண்ணு" என்றேன். நெய்க்கரண்டியை ஆறு மேல் வைத்துவிட்டுத் தோசைத் திருப்பியை மட்டும் சுற்றிச் சுற்றி வைப்பேன். ஆறு பத்து, ஆறு இருபது, ஆறு ஐம்பது. இரண்டு குட்டு வாங்கிக்கொண்டாளே தவிர, மூன்றே நாளில் கடகடவென்று சொல்ல ஆரம்பித்துவிட்டாள். நாம்தான் எவ்வளவு சமர்த்தாகச் சொல்லிக்கொடுக்கிறோம் என்று எனக்கு ஒரே பெருமை.

கட்டுப் போட்ட நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, மத்தியானம் மருந்து சாப்பிட்டுவிட்டுத் தூங்கிப் போனேன். விழித்தபோது ஓட்டின் மேல் மழை கொட்டுகிற சத்தம். "எத்தனை மணிடி?" என்று கேட்டேன்.

கடிகாரத்தடியில் போய் நின்று, முணுமுணுவென்று எண்ணிவிட்டு, "ஆறு அம்பதும்மா" என்றாள்.

"அப்பா வந்தாச்சா?"

"இல்லை. வெளியில இருட்டிடுத்தும்மா."

எனக்குச் சுருக்கென்றது. அவர் ஆறே காலுக்கு வாசற்படி ஏறிவிடுவார். மழையென்றால் பத்து நிமிஷம் கூடும். இப்படி ஒரு நாளும் ஆனதில்லை. அந்த நேரம் பார்த்துத்தானா பூக்காரி எங்கள் வாசலில் மழைக்கு ஒதுங்க வேண்டும்? ஜன்னல் வழியாகவே ஆரம்பித்துவிட்டாள்.

"லஸ் முனையில ஒரே கும்பலா கீதும்மா. ட்ராம் நிக்கறதுக்குள்ள எறங்கப் போயி ஒரு ஆபீஸ்காரரு விளுந்துட்டாராம். தலப்பா கட்டிக்கினு, கொடை வச்சிக்கினு இருந்தாராம். இன்னா ஆச்சோ, பாவம்."

மயிலாப்பூரில் பாதி ஆண்பிள்ளைகள் தலைப்பாகையும் குடையுமாகத்தான் ஆபீஸ் போனார்கள். ஆனால் அந்த நிமிஷம் எனக்கு அது தோன்றவில்லை. வண்டி நிற்பதற்குள் குதிக்கிற கெட்ட பழக்கம் எங்காத்துக்காரருக்கு உண்டு. நூறு தடவை சொல்லியிருப்பேன். விழுந்தது யாரென்று கேட்டேன், எந்தப் பக்கம் அடி என்று கேட்டேன். "நான் பாக்கலம்மா, சொல்லிக்கினாங்க" என்றுவிட்டு அவள் மழையோடு மழையாகப் போய்விட்டாள்.

குழந்தையை அனுப்பலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். இந்த மழையில், இருட்டில், ட்ராம் ஓடுகிற ரோட்டுக்கு ஏழு வயதுக் குழந்தையையா? வேண்டாம், நானே போய்விடுகிறேன் என்று எழுந்து உட்கார்ந்துவிட்டேன். கை தானாகத் தலைக்குப் பின்னால் போய்க் கட்டின் முடிச்சைத் தேடியது. டாக்டர் சொன்னது ஞாபகம் இல்லாமல் இல்லை. அவர் ரோட்டில் கிடக்கும்போது எனக்கு எதற்குக் கண் என்று தோன்றிவிட்டது.

முடிச்சில் விரல் பட்டதும் என் பெண் பாய்ந்து வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "வேண்டாம்மா, டாக்டர் மாமா திட்டுவார். வேண்டாம்மா."

"விடுடி. அப்பாவுக்கு என்னவோ ஆயிடுத்து."

"விடமாட்டேன்." குரல் அழுகிறது, பிடி மட்டும் தளரவில்லை. நான் உதறுகிறேன், அவள் தொங்குகிறாள். ஒரு முடிச்சு அவிழ்ந்தே போயிற்று. இன்னும் ஒன்றுதான் பாக்கி.

அப்போது கடிகாரம் கர்ரென்று இழுத்தது. மணி அடிப்பதற்கு முன்னால் அது அப்படித்தான் தொண்டையைச் செருமும். ஏழு. ஏழாகியும் மனுஷர் வரவில்லை. என் கையை விடாமலேயே அவள் அழுகையினூடே எண்ண ஆரம்பித்தாள். நான் சொல்லிக்கொடுத்த பழக்கம். "ஒண்ணு... ரெண்டு... மூணு..."

ஆறு அடித்தது. அடுத்த அடிக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மழைச் சத்தம்தான் கேட்டது.

"அம்மா, கடியாரம் தப்பா அடிச்சுடுத்து" என்றாள் என் பெண்.

முடிச்சிலிருந்து கையை எடுத்தேன். அப்புறம் மெதுவாகக் கேட்டேன். "முன்னாடி பார்த்தியே, சின்ன முள்ளு ஆறு மேலயே இருந்துதா, இல்லை கொஞ்சம் தள்ளி இருந்துதா?"

"அஞ்சுக்கும் ஆறுக்கும் நடுவுல, ஆறுக்குக் கிட்டக்க இருந்தது. நீகூட நெய்க்கரண்டியைச் சில சமயம் கோணலா வைப்பியே."

அப்படியே தலையணையில் சாய்ந்துவிட்டேன். ஐந்து ஐம்பதைத்தான் குழந்தை ஆறு ஐம்பது என்று சொல்லியிருக்கிறாள். மணி ஆறுதான். இருட்டினது அடைமழையால். அவருடைய ட்ராம் இன்னும் லஸ்ஸுக்கே வந்திருக்காது. விழுந்தவர் அவராக இருக்கவே முடியாது. நிஜக் கடிகாரத்தில் பெரிய முள் சுற்றச் சுற்றச் சின்ன முள்ளும் கூடவே நகரும் என்பதை நான் அவளுக்குச் சொல்லவே இல்லை. என் நெய்க்கரண்டி ஒரு இடத்தில் வைத்தால் வைத்ததுதான். அது எங்கே நகரும்?

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டாக்டர் அழக்கூடாது என்றாரே ஒழிய, சிரிக்கக் கூடாது என்று சொல்லவில்லை. குழந்தையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டேன். அவிழ்ந்த முடிச்சை அவள்தான் தன் சின்னக் கையால் திரும்பப் போட்டாள்.

ஆறே காலுக்கு மேல் எங்காத்துக்காரர் சொட்டச் சொட்ட வந்து சேர்ந்தார். வந்தவரை நான் வரவேற்ற வரவேற்பு இருக்கிறதே, பாவம், இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "நாளையிலேர்ந்து வண்டி நின்னப்புறம்தான் இறங்கணும், ஆமாம்" என்று பிடித்துக்கொண்டேன். என்ன தப்பு செய்தோம் என்று புரியாமலேயே அவர் சரி, சரி என்றார். முனைக் காப்பிக்கடையில் ஒருவர் முழங்காலில் துணியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்ததாகவும், தலைப்பாகை சேறானதற்குத்தான் அவர் ரொம்ப வருத்தப்பட்டுக்கொண்டிருந்ததாகவும் அப்புறம் சொன்னார். யாரோ எவரோ, அவரும் நன்றாக இருக்கிறார் என்று கேட்டதும் இன்னும் கொஞ்சம் நிம்மதியாயிற்று.

கட்டை அவிழ்த்தபோது டாக்டர் பார்வை நன்றாக இருக்கிறது என்றார். வீட்டுக்கு வந்து முதல் காரியமாகக் கடிகாரத்தைக் கீழே இறக்கச் சொன்னேன். பெரிய முள்ளைக் குழந்தையே விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். சின்ன முள் சத்தமில்லாமல் அடுத்த எண்ணை நோக்கி ஊர்ந்தது. "ஐயே, இது நெய்க்கரண்டி மாதிரி இல்லையேம்மா" என்றாள். எனக்கும் அன்றைக்குத்தான் அதை ஒழுங்காகப் பார்த்த மாதிரி இருந்தது.

இப்போது அவளுக்கே பேரன் பேத்தி எடுக்கிற வயதாகிவிட்டது. அவள் வருகிறேன் என்று சொன்ன நேரத்துக்கு வராவிட்டால் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு அடித்துக்கொள்ளத்தான் செய்கிறது. ஆனால் கை எங்கேயும் போகாது. ஆறாவது அடிக்கு அப்புறம் கேட்ட அந்த மழைச் சத்தத்தை நினைத்துக்கொண்டு, வாசலைப் பார்த்தபடி இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பேன்.