அழுத்தமான ஃபில்டர்

1986-இல் கொச்சி மட்டாஞ்சேரியில் பக்கத்து வீட்டுச் செல்வியின் கல்யாணத்தை நான்தான் வீடியோ எடுத்தேன். அவளுக்குக் காது கேட்காது. உதட்டசைவைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்வாள்.

"மோள் சினிமாக்காரி மாதிரி இருக்கணும், கேட்டோ!" என்றார் அவள் அப்பா.

முகத்தை மென்மையாக்க லென்ஸில் மாட்டும் ஃபில்டர்கள் இரண்டு வைத்திருந்தேன். ஒன்று லேசானது, மற்றது அழுத்தமானது. கேமராவின் சின்னக் கறுப்பு வெள்ளைத் திரையில் வித்தியாசம் தெரியவில்லை. டி.வி.யில் சோதித்துப் பார்க்காமலே அழுத்தமானதை மாட்டினேன்.

தாலி கட்டியதும் அவள் அப்பா அவளிடம் ஏதோ சொன்னார். மேளச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. குனிந்து அழுதுகொண்டிருந்த அவளும் பார்க்கவில்லை.

நாலாம் நாள் அவர் மாரடைப்பில் இறந்துபோனார். காரியம் முடிந்ததும் செல்வியும் கணவனும் என் வீட்டுக்கு வந்தார்கள்.

"மாமா அன்னைக்கு இவகிட்ட என்னமோ சொன்னாரே சேட்டா, அதைப் போடுங்க. உதட்டைப் பாத்தா இவளுக்கு மனசிலாவும்."

திரும்பத் திரும்ப ஓட்டினேன். அவர் முகம் அழகாக ஒளிர்ந்தது. உதடுகள் மட்டும் புகைபோலக் கரைந்திருந்தன. செல்வி எழுந்துபோய், டி.வி. கண்ணாடியை முந்தானையால் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள்.

அது தூசியில்லை, நான் மாட்டிய ஃபில்டர்.

அன்றைய தேதி, முகூர்த்த நேரம், வந்தவர்களின் பெயர்கள் எல்லாம் என் நாட்குறிப்பில் இருக்கின்றன. அவர் சொன்னது மட்டும் எங்கேயும் இல்லை.