அவள் கணக்கில் நான் நடந்தது

என் மனைவிக்கு நாலு வருடமாகச் சுகர். ஓசூரில் வேலை செய்யும் எங்கள் மகன் பொங்கலுக்கு வந்தபோது, அவள் போனில் நடையை எண்ணும் ஆப் ஒன்றைப் போட்டுக் கொடுத்தான். போனை எடுத்துக்கொண்டு நடந்தால் அதுவே எண்ணிக்கொள்ளும். எண் அவன் போனிலும் தெரியும். தினமும் ஆறாயிரம் அடி நடக்க வேண்டும். “ம்மா, ஏமாத்தக் கூடாது. அங்கேர்ந்து பாத்துனே இருப்பேன்” என்று சொல்லிவிட்டுப் போனான்.

பத்து நாள் பீர்க்கன்கரணை ஏரிக்கரையில் நடந்தாள். அப்புறம் முட்டி வலி. எண் ஐந்நூறு, நானூறு என்று இறங்கியது. சாயங்காலம் ஆனால் மகன் போன் செய்து ஏன் என்று கேட்பான். அவனாவது அக்கறையில் கேட்டான். நான் கிண்டல் செய்தேன்.

“நானூறா? கிச்சனுக்கும் கக்கூசுக்கும் போய் வந்ததா?”

அவள் சிரிக்கவில்லை. தையல் மெஷினை வேகமாக மிதித்தாள்.

அடுத்த வாரம் நான் வேலைக்குக் கிளம்பும்போது அவள் போனையும் என் டூல் பையில் போட்டாள்.

“உன் போன்ல சார்ஜே நிக்க மாட்டேங்குது. இதையும் எடுத்துனு போ.”

“உனக்கு வேணாமா?”

“நான் வூட்லதானே கீறேன். அவசரம்னா கீழ் வூட்ல கேட்டுப் பேசுறேன்.”

நான் ஒயரிங் வேலை செய்கிறவன். அப்போது கோவிலம்பாக்கத்தில் ஒரு நாலு மாடிக் கட்டடத்தில் வேலை. லிஃப்ட் இன்னும் வரவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒரு நாளில் எத்தனை முறை ஏறி இறங்கினேன் என்று எனக்கே தெரியாது.

மகன் குஷியாகிவிட்டான். “ஒம்போதாயிரம்மா! கலக்குற போ!” என்று ஸ்பீக்கரில் கத்துவான். அவள் முகம் கல்யாணத்தன்று இருந்த மாதிரி இருக்கும். நான் கிளம்பின பிறகு நடக்கிறாள் போல என்று நினைத்துக்கொண்டேன். போன் என் பையில் இருக்கும்போது அவள் நடை எப்படி எண்ணப்படும்? முப்பது வருடமாக எந்த ஒயர் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தே பிழைக்கிறேன். இதைப் பார்க்கவில்லை.

மூன்று மாதம் கழித்து மகன் வீடியோவில் டாக்டரிடம் காட்ட ஏற்பாடு செய்தான். டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்தார், ஆப்பையும் பார்த்தார்.

“நல்லா நடக்கறீங்கம்மா. இவ்வளவு நடந்தும் சுகர் குறையலையே. மாத்திரை டோஸைக் கொஞ்சம் ஏத்திடலாம்.”

அவள் வாயைத் திறக்கவில்லை. நானும் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினேன்.

எட்டு நாள் போயிருக்கும். மத்தியானம் நான் வேலையில் இருந்தபோது கீழ் வீட்டுப் பெண் போனில் கூப்பிட்டாள்.

“அண்ணா, அக்கா மாடிப்படில உக்காந்துனு கீது. எழுந்துக்க முடியல, வேர்த்து ஊத்துது. சர்க்கரைத் தண்ணி குடுத்துகினு கீறேன், நீ சீக்கிரம் வாண்ணா.”

வண்டியை எப்படி ஓட்டினேன் என்று நினைவில்லை. டூல் பையில் இரண்டு போனும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டே வந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

நான் போனபோது பாயில் படுத்திருந்தாள். முகத்தில் உயிர் வந்திருந்தது. யாருக்கோ கல்யாண பிளவுஸ் தைத்துக்கொண்டே சாப்பாட்டைத் தள்ளிப்போட்டிருக்கிறாள். ஏற்றிய மாத்திரை வேலையைக் காட்டி, சுகர் ஒரேயடியாக இறங்கிவிட்டது.

“எனக்கு ஒரு போன் பண்ணக் கூடாதா?” என்று கத்தினேன்.

“போன் உன் பையில கீது” என்றாள்.

கீழ் வீட்டில் போன் கேட்கத்தான் படியிறங்கி இருக்கிறாள். மூன்றாவது படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“புள்ள சந்தோஷமாப் பேசுறான். அதான் உன் பையில போட்டேன். நானூறுன்னா நீயும் கக்கூஸ் கதைய எடுக்குற.”

அவள் காலை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். முட்டி வீங்கியிருந்தது. மூன்று மாதமாக அதை நான் பார்க்கவே இல்லை.

அன்று சாயங்காலமே டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னோம். திட்டினார். திட்டட்டும் என்று போனுக்கு முன்னால் இருவரும் உட்கார்ந்திருந்தோம். டோஸைக் குறைத்தார். முட்டியை நேரில் கொண்டுபோய்க் காட்டவும், மெதுவாகக் கொஞ்ச தூரம் மட்டும் நடக்கவும் சொன்னார்.

இப்போது காலையில் நானும் ஏரிக்கரைக்குப் போகிறேன். போன் அவள் கையில். என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு வருவாள். நான் வேகமாக நடந்தே பழகியவன். “ஓடாதய்யா, இன்னா ரயிலா போவுது?” என்பாள். ஆயிரத்து இருநூறு ஆனதும் திரும்பிவிடுவோம்.

மகனிடம் சொல்ல வேண்டாம் என்று கெஞ்சியிருந்தாள். ஒரு வாரம் பொறுத்தேன். அவன் போன் செய்து, “இன்னாப்பா, அம்மா திரும்ப டவுனாயிட்டாங்க?” என்று கேட்டான். வேண்டாம் என்று கையைக் காட்டினாள். என்னால் முடியவில்லை.

“டேய், அந்த ஒம்போதாயிரம் நான் நடந்தது. இந்த ஆயிரத்து இருநூறுதான் உங்கம்மா நடந்தது. முட்டி வலியோட நடந்தது.” மாடிப்படியில் உட்கார்ந்ததையும் சொன்னேன்.

அவன் போனை அம்மாவிடம் கொடுக்கச் சொன்னான். அப்புறம், “ம்மா, முட்டி எப்படிம்மா கீது?” என்றான்.

அவள் சொல்ல ஆரம்பித்தாள். எந்தப் படியில் வலிக்கும், எப்படி மடக்கினால் வலிக்காது, என்ன தைலம் என்று. அரை மணி நேரம் ஆகும் போலிருந்தது. நான் டீ போடப் போனேன். சர்க்கரை இல்லாமல்.