தாமஸ் வாசிக்கிற இடம்

இன்று காலை கிளாரினெட்டை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி புதுப்பட்டினம் கடற்கரைக்குப் போனேன். வீட்டில் வாசித்தால் பாதி செங்கல்பட்டு சண்டைக்கு வருகிறது.

ஜாஸில் மனம்போல வாசிக்க ஆசைப்பட்டால் முதலில் மாடு மாதிரி உழைக்க வேண்டும். கிளாரினெட்டில் ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் வரும். பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்கிற ஒவ்வொரு கார்டையும் சுரம் சுரமாக உடைத்து ஏறி இறங்கிப் பழக வேண்டும்.

நானும் நம் பேண்டு தாமஸும் சேர்ந்துதான் பழகுவோம். நான் ஒரு வரி வாசித்து நிறுத்துவேன். அவன் டிரம்பெட்டில் அதே அளவுக்குப் பதில் வரி வாசிப்பான்.

இன்று நான் வாசிப்பதைப் பார்த்து, பக்கத்தில் வலையைச் சரிசெய்துகொண்டிருந்த மீனவர் கேட்டார்.

"இன்னா அண்ணாத்த, நடுநடுவுல சும்மா நிக்கிறே? மறந்துபூட்டியா?"

அப்போதுதான் எனக்கே உறைத்தது.

"இல்லீங்க. அது என் கூட்டாளி வாசிக்கிற எடம்."

"அவரு எப்ப வருவாரு?"

"போன மாசம் காய்ச்சல்ல செத்துட்டான்."

அவர் வலையை மடிக்கு இழுத்துக்கொண்டு, "இன்னொரு வாட்டி வாசி" என்றார்.

வாசித்தேன். நான் நிறுத்திய இடத்தில் அவரும் வலை ஊசியை நிறுத்தினார். நான் அடுத்த வரியை எடுத்த பிறகுதான் அவர் கை நகர்ந்தது.

சனிக்கிழமை நடனத்தில் அந்த இடத்தை நானே நிரப்ப வேண்டுமாம். பேண்டு மாஸ்டர் உத்தரவு. எப்படி என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நம் ஒத்திகை அறைப் பலகையில் இதை ஒட்டுகிறேன். பதில் எழுதக் கீழே இடம் விட்டிருக்கிறேன். இடம் விடுவதுதான் இப்போது எனக்கு நன்றாக வருகிறது.