குயினைத் தூக்கிக் கொடுத்தது யார்?

யாரும் நம்பப்போகாத ஒரு சரித்திரத்தைச் சொல்கிறேன் என்று இதனால் சத்தியம் செய்கிறேன்.

ஹைதராபாத்தின் ஐ.டி. பேட்டையான மாதாப்பூரையே ஒற்றைத் தோளில் தாங்கும் சாஃப்ட்வேர் மேதை, என் தங்கை மகன் பாபு. செஸ்ஸில் என்னிடம் தோற்றுத் தோற்றே மீசை முளைத்தவன்.

எங்கே தோற்கிறோம் என்று பார்க்க, எங்கள் ஆட்டங்களின் நகர்வுகளை செஸ் அலசல் மென்பொருளில் தானே தட்டச்சு செய்யும் குட்டி புரோகிராம் ஒன்று எழுதினான். கையால் அடித்தால் டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை. இவன் எழுதி முடிப்பதற்குள் ஹுசேன் சாகர் ஏரி இரண்டு தடவை வற்றிப்போனது.

இன்று வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை. நடுவில் புரோகிராமை ஓடவிட்டான்.

“நக்கோ மாமா, கீபோர்டைத் தொடாதீங்க. அதுவே அடிக்கும்.”

அடித்தது. திடீரென்று மேனேஜரின் சாட் மேலே வந்து நின்றது. புரோகிராமுக்குக் கண்ணா இருக்கிறது? மிச்ச ஆட்டத்தை அதிலேயே அடித்து அனுப்பிவிட்டது.

“சாயங்காலம் அப்ரைசல் மாமா. செத்தேன்.”

மேனேஜரிடமிருந்து பதில் வந்தது: குயினைச் சும்மா தூக்கிக் கொடுத்த அந்த மகாபுத்திசாலி யார்? நீயென்றால் உன் அப்ரைசலை யோசிக்க வேண்டும்.

மேதை கண நேரம்கூட யோசிக்கவில்லை. “எங்க மாமா, சார்” என்று அடித்தான். அதை மட்டும் கையாலேயே.

இதில் எதெல்லாம் புளுகு என்று கமெண்டில் கண்டுபிடியுங்கள். குயினைக் கொடுத்தது நான் என்பது மட்டும், என்ன செய்வது, உண்மை.