குடிக்கிற தண்ணீரும் மீன் தண்ணீரும்

நீலகிரியில் அருவங்காட்டுத் தொழிற்சாலைக் குடியிருப்பில் குடிதண்ணீரைச் சுத்திகரிக்கும் இடத்துக்கு ஃபில்டர் ஹவுஸ் என்று பெயர். சிவகுரு அங்கே இருபத்தொன்பது வருடமாக ஆபரேட்டர். அவருடைய அப்பா சத்தியமங்கலத்திலிருந்து சோலூருக்குக் கேரட் தோட்ட வேலைக்கு வந்தவர். மகனுக்கு மண்வெட்டியைத் தொட வேண்டாத வேலை கிடைத்ததில் அவருக்குப் பெருமை.

மழைக்காலத்தில் செம்மண் கலந்து வரும் தண்ணீரில் படிகாரம் கலந்து, மணல் படுகைகளில் வடித்து, குளோரின் சேர்த்து அனுப்ப வேண்டும். படுகையில் அழுக்கு அடைத்தால் தண்ணீரை எதிர்த் திசையில் செலுத்தி, தெளிவாக வரும்வரை அலச வேண்டும். இதில் சிவகுரு ஒருநாளும் குறை வைத்ததில்லை. கண்ணாடி டம்ளரில் பிடித்து வெளிச்சத்தில் காட்டி, ஒரு தூசு தெரிந்தாலும் மறுபடி அலசச் சொல்வார்.

பக்கத்து வீட்டு நவநீதனுக்குப் போன மார்ச்சில் நாக்பூருக்கு மாற்றல் வந்தது. மூன்றடி நீள மீன்தொட்டியையும் அதிலிருந்த மூன்று கோல்டுஃபிஷ்களையும் அவ்வளவு தூரம் கொண்டுபோக முடியாது. "தண்ணி வெவரம் தெரிஞ்சவரு நீங்கதானுங்கண்ணா" என்று சிவகுருவிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். உள்ளங்கை நீள மீன்கள். தொட்டியின் விளிம்பில் தொங்கும் சின்ன டப்பா ஃபில்டர் ஒன்று. அதற்குள் ஒரு பஞ்சு.

முதல் ஞாயிற்றுக்கிழமையே சிவகுரு அந்தப் பஞ்சை வெளியே எடுத்தார். பழுப்பாக, வழவழவென்று இருந்தது. குழாயடியில் பிடித்துப் பிழிந்து பிழிந்து வெள்ளையாகும்வரை கழுவினார். அதிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் அதே வேலை. தொட்டியில் ஊற்றும் தண்ணீரை மட்டும் நவநீதன் சொன்னபடி, குளோரின் போகட்டும் என்று ஒருநாள் வாளியில் பிடித்துவைத்து ஊற்றுவார். பஞ்சு கழுவ நேரடிக் குழாய்த் தண்ணீர்தான்.

அவர் மனைவி உமாராணிக்கு அங்கன்வாடியில் வேலை. மாலையில் வந்ததும் டீயோடு தொட்டி எதிரே உட்கார்ந்துவிடுவார். மே மாதத்தில் ஒருநாள் அவர்தான் கவனித்தார்.

"ஏனுங்க, மீனெல்லாம் மேல வந்து வாயத் தொறந்து தொறந்து மூடுதுங்க. வாலுல செவப்பு செவப்பா கோடு வேற."

சிவகுரு டார்ச் அடித்துப் பார்த்தார். "தண்ணி கண்ணாடியாட்டம் இருக்குது. இதவிடச் சுத்தமா எங்க கிடைக்கும்? தீனி அதிகமாயிருக்கும், ஒருநாள் போடாம உடு."

மறுநாள் காலையில் சிவப்பும் வெள்ளையுமாக இருந்த பெரிய மீன் பக்கவாட்டில் சாய்ந்து மிதந்தது. அன்று உமாராணி டீ குடிக்காமலே அங்கன்வாடிக்குக் கிளம்பிவிட்டார். அதுதான் சிவகுருவுக்குக் கஷ்டமாக இருந்தது. அத்தனை வருடமாக ஊருக்கே தண்ணீர் கொடுத்தவர், ஒரு தொட்டித் தண்ணீரில் என்ன தப்பு என்று தெரியாமல் நின்றார்.

தொட்டித் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு குன்னூருக்கு பஸ் ஏறினார். வளர்ப்பு மீன் விற்கும் பெனிஸ் என்பவரின் கடை அங்கே ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்தது. பெனிஸ் சின்னக் குழாயில் தண்ணீரை ஊற்றி, சொட்டு மருந்து விட்டு ஆட்டினார். கொஞ்ச நேரத்தில் அது கரும்பச்சையாக மாறியது. சொட்டு விட்டு நிறம் பார்ப்பது சிவகுருவுக்குத் தினசரி வேலை. குளோரினுக்கு மட்டும்தான் பார்ப்பார்.

"அமோனியாண்ணா. மீன் கழிவுல வர்றது. கண்ணுக்குத் தெரியாது. பஞ்ச எப்படிக் கழுவுனீங்க?"

சிவகுரு சொன்னார். பெனிஸ் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"அந்தப் பஞ்சுல ஒட்டியிருக்கிற பாக்டீரியாதாண்ணா அமோனியாவத் திங்கறது. குளோரின் தண்ணியில கழுவுனா எல்லாம் செத்துரும். வாராவாரம் ஃபில்டரக் கொன்னு கொன்னு திரும்ப மாட்டியிருக்கீங்க."

அந்தக் குளோரினைக் கலப்பதும் தான்தான் என்பதை சிவகுரு அப்போது சொல்லவில்லை.

"அதோட அந்த டப்பாவும் பத்தாது. கோல்டுஃபிஷ் திங்கறதும் ஜாஸ்தி, கழியறதும் ஜாஸ்தி. நூறு லிட்டர் தொட்டின்னா மணிக்கு எட்டுத் தடவையாவது அத்தனை தண்ணியும் ஃபில்டர்ல ஏறி எறங்கணும்."

சிவகுரு வீட்டுக்கு வந்து, ஃபில்டரிலிருந்து தண்ணீர் விழும் இடத்தில் ஒரு லிட்டர் ஜக்கைப் பிடித்தார். நிறைய இருபத்தைந்து விநாடி ஆனது. மணிக்கு நூற்று நாற்பத்து நாலு லிட்டர். ஃபில்டரின் அட்டைப்பெட்டியில் நானூறு என்று போட்டிருந்தது. தொட்டியில் பாதியை மாற்றிவிட்டு, மறுநாள் மீண்டும் குன்னூர் போனார்.

பெனிஸ் ஒரு பெரிய மூடிய ஃபில்டரைக் காட்டினார். தொட்டிக்கு வெளியே தரையில் வைப்பது. மணிக்கு ஆயிரத்து இருநூறு லிட்டர் இழுக்கும். சிவகுரு அதைக் கையில் தூக்கிப் பார்த்தார்.

"கரண்ட் போனா?"

"நாலஞ்சு மணி நேரத்துக்கு மேல நின்னா உள்ள இருக்கிற பாக்டீரியா காத்தில்லாம செத்துரும்ணா."

"ஆடிக் காத்துல மரம் உழுந்தா எங்க பக்கம் ஒரு நாளே வராது. வேண்டாம். அதுவுமில்லாம ஒண்ணே ஒண்ணு இருந்தா, அதக் கழுவற அன்னிக்கு என்ன பண்றது? எங்க ஃபில்டர் ஹவுஸ்ல எல்லாப் படுகையவும் ஒரே நாள்ல அலச மாட்டோம். ஒண்ணு அலசும்போது மத்தது ஓடணும்."

பெனிஸ் யோசித்தார். கடைசியில் மணிக்கு எண்ணூறு லிட்டர் ஓட்டும் பெரிய தொங்கும் ஃபில்டர் ஒன்று, காற்றுக் குழாயில் ஓடும் பஞ்சு ஃபில்டர் இரண்டு, கரண்ட் போனால் பேட்டரியில் ஓடும் காற்று மோட்டார் ஒன்று என்று முடிவானது.

"கோயமுத்தூர்ல ஒரு மாசத்துல பாக்டீரியா வளந்துரும். நம்ம குளிருக்கு ரெண்டு மூணு மாசம் ஆகும்" என்ற பெனிஸ், தன் கடைத் தொட்டியிலிருந்து அழுக்கேறிய பழைய பஞ்சு ஒன்றை எடுத்து, அதே தண்ணீரோடு பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொடுத்தார். "இத உள்ள போடுங்க, சீக்கிரம் பிடிச்சுக்கும்."

பஸ்ஸில் பை ஒழுகியது. சிவகுரு அதை மடியில் நிமிர்த்திப் பிடித்தபடியே வந்தார். பேன்ட் நனைந்திருந்ததைப் பார்த்த உமாராணி, "இத்தன அழுக்க எதுக்குங்க ஊட்டுக்குள்ள கொண்டாறீங்க?" என்றார்.

"கடையில கேட்டு வாங்கிட்டு வந்துருக்கேன் உமா. நீ பாட்டுக்குக் கழுவிப் போட்டுறாத."

உமாராணிக்குச் சிரிப்பு வந்தது. மீன் செத்த நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் சிரித்தார்.

அதன் பிறகு சிவகுரு, பெனிஸிடம் வாங்கிய சொட்டு மருந்தால் வாரத்துக்கு இரண்டு முறை தண்ணீரைச் சோதித்து, காலண்டரில் நிறத்தை எழுதிவைத்தார். அமோனியா ஏறிய நாட்களில் கொஞ்சம் தண்ணீர் மாற்றினார். பஞ்சுகளில் மாதத்துக்கு ஒன்றை மட்டும், தொட்டியிலிருந்தே எடுத்த தண்ணீரில் இரண்டு முறை அமுக்கி எடுப்பார். வெள்ளையாக்கக் கை பரபரக்கும், அடக்கிக்கொள்வார். ஜூலையில் மரம் விழுந்து பத்தொன்பது மணி நேரம் கரண்ட் இல்லை. பேட்டரி மோட்டார் நிற்காமல் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. ஆகஸ்ட் நடுவில் சோதனைக் குழாயில் பச்சை வரவில்லை. வெறும் மஞ்சள்தான். அமோனியா இல்லை என்று அர்த்தம்.

அன்றைக்குத்தான் நவநீதனுக்கு வீடியோ கால் போட தைரியம் வந்தது. மூன்று மாதமாக அவர் அழைத்தபோதெல்லாம் மீன் பேச்சைத் தவிர்த்துவந்தார்.

"நவநீதா, பெரிய மீன் மே மாசமே செத்துப்போச்சுப்பா. எந் தப்புதான். வாராவாரம் குழாய்த் தண்ணியில பஞ்சக் கழுவிட்டேன்."

நவநீதன் முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார். "வாராவாரமுங்களா?" என்று கேட்டார். "நான் மூணு வருசத்துல அந்தப் பஞ்சத் தொட்டதே இல்லீங்கண்ணா. சோம்பேறித்தனந்தான். தண்ணி மட்டும் பாதிப் பாதியா மாத்துவேன். அதனாலதான் அதுங்க பொழச்சுக் கெடந்துருக்குது போலிருக்குது."

சிவகுரு வாய்விட்டுச் சிரித்தார். உமாராணி போனை வாங்கித் தொட்டிப் பக்கம் திருப்பினார். தீனி என்று நினைத்து இரண்டு மீன்களும் கண்ணாடியோரம் வந்து முட்டின.